போராமினிபெரா வழுக்கிப் பெட்டி: சீவல்கள் தரமானவை, பெயர்ச்சீட்டுகளைச் சரிபார்த்தே பயன்படுத்த வேண்டும்

திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்காக நாங்கள் நடத்திவரும் விஞ்ஞான மன்றத்துக்கென, ஓடு கட்டும் ஒற்றைக் கல உயிரிகளாகிய போராமினிபெராக்களில் அழிந்துபோன சாதிகளின் (பேரினங்களின்) பாறைச் சீவல்கள் பதித்த 12 நுணுக்குக்காட்டி வழுக்கிகள் (கண்ணாடித் துண்டுகள்) அடங்கிய பெட்டி ஒன்றை, இந்தியாவிலிருந்து கல்வி உபகரணங்களை அனுப்பும் ஒரு விற்பனையாளரிடம் இணையவழியே வாங்கினோம். தபால் கட்டணமும் சுங்க வரியும் சேர்த்து ஏறத்தாழ 40,000 ரூபா செலவாயிற்று. இதே பெட்டி வேறு மேலட்டையுடன் வேறு கடைகளிலும் விற்பனையாவதால், கடையின் பெயரைச் சொல்வதிலும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதே வாங்க எண்ணுவோருக்கு உதவும்.

சுருக்கமாகச் சொன்னால், சீவல்களைச் செய்தவர் தம் தொழிலை நன்கு அறிந்தவர். அவற்றுக்குப் பெயர் எழுதியவரைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியவில்லை. பெயர்ச்சீட்டில் ஒரு சாதியின் பெயரை அச்சிடுவது, இந்த ஓடு இன்ன அமைப்பை உடையது, இன்ன காலத்தைச் சேர்ந்தது, இன்ன உறவுகளைக் கொண்டது என்று உறுதி கூறுவதற்குச் சமம். அந்த உறுதிமொழியை மாணவர் தாமே நுணுக்குக்காட்டியின் கீழ்ச் சோதித்துப் பார்ப்பதற்கு வேண்டியவை உடன் இருக்கின்றனவா என்பதையே இந்தப் பெட்டிக்கான அளவுகோலாகக் கொண்டேன்.

முதலில் பொருளின் தரம். புவிச்சரிதவியல் ஆய்வுகூடங்களில் வழங்கும் குட்டையான கண்ணாடிகளைத் தவிர்த்து, பாடசாலை நுணுக்குக்காட்டியின் மேடைக் கவ்விகளுக்குப் பொருந்தும் 75 மில்லிமீற்றர் நீளக் கண்ணாடிகளையே பயன்படுத்தியிருக்கிறார்கள். இது சிறிய விடயமாகத் தோன்றலாம்; ஆனால் கவ்வியில் நிற்காத வழுக்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே படம் வரைய முயன்ற எவருக்கும் இதன் அருமை தெரியும். சீவல்கள், பாறைச் சீவல்களுக்கு வழமையான 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்கு மிக அண்மையாகத் தேய்க்கப்பட்டுள்ளன. ஓட்டின் அறைகளைப் பிரிக்கும் பிரிசுவர்களின் விளிம்புகள் தெளிவாகத் தெரிகின்றன. பிசினுக்குள் காற்றுக்குமிழிகள் அரிதாகவே உள்ளன. பெட்டியின் பிணைச்சல் மட்டும் எங்கள் கடற்காற்றுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை, விரைவிலேயே துருவேறிவிட்டது. பெயர்ச்சீட்டுகள் சாதாரணக் காகிதத்தில் அச்சிடப்பட்டவை. வடகீழ்ப் பருவமழைக் காலத்து ஈரத்தில் அவற்றின் ஓரங்கள் கிளம்பத் தொடங்கின. ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் இலக்கத்தைக் கீறி வைத்த பின்னரே எங்களுக்கு நிம்மதி வந்தது. சீட்டு விழுந்துவிட்டால் வழுக்கி அநாதையாகிவிடும்.

பெட்டியுடன் வரும் கைந்நூலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போராமினிபெராக்கள் ஒற்றைக் கல உயிரிகள். பெரும்பாலானவை கடலில் வாழ்பவை. தம்மைச் சுற்றி அறை அறையாக ஓடு கட்டிக்கொள்பவை. இந்த ஓடுகள் பாறையில் எஞ்சுவதாலேயே அவற்றைப் பாகுபடுத்தும் முயற்சி இவ்வளவு நீண்ட வரலாற்றைக் கொண்டிருக்கிறது. 1826இல் இக்கூட்டத்துக்குப் பெயர் வைத்த பிரெஞ்சு ஆய்வாளர் டோர்பிக்னி, இவற்றைக் கணவாயின் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய மெல்லுடலிகள் என்றே எண்ணினார். 1835இல் துஜார்டன் உயிருள்ளவற்றை ஆராய்ந்து அவை மிக எளிய உயிரிகள் என்று காட்டினார். டோர்பிக்னி அறைகள் அடுக்கப்பட்ட ஒழுங்கை முதன்மைப்படுத்தினார்: வரிசையாக அடுக்கியவை ஒரு வருணம் (குடும்பங்களை உள்ளடக்கும் பாகுபாட்டுப் படி), சுருளாகச் சுற்றியவை இன்னொன்று, வளையங்களாக அமைந்தவை வேறொன்று. கண்ணுக்கு எளிதாகத் தெரியும் இந்த அளவுகோல் இயற்கையான உறவுகளைக் காட்டத் தவறியது. ஏனெனில் சுருளாக வளரும் பழக்கமும் வளையமாக வளரும் பழக்கமும் உறவற்ற பல கூட்டங்களில் தனித்தனியே தோன்றியுள்ளன. பின்வந்தவர்கள் ஓட்டுச் சுவர் எதனால், எவ்வாறு கட்டப்பட்டது என்பதை முதலில் பார்த்தார்கள். 1964இல் லோப்லிக், தாப்பன் தம்பதியினர் வெளியிட்ட பெருந்தொகுப்பு, முழுக் கூட்டத்தையும் போராமினிபெரிடா என்ற ஒரே வருணமாகக் கொண்டு, அதனைப் பெரும்பாலும் சுவரின் இயல்பை வைத்து ஐந்து உபவருணங்களாகப் பிரித்தது. பெட்டியின் கைந்நூல் பின்பற்றுவது இந்த 1964ஆம் ஆண்டு ஒழுங்கையே.

அந்த ஒழுங்கு பழையது என்பது மட்டுமே என் குறையன்று. சுவரிலிருந்து தொடங்கும் அதன் முறை இன்றும் வகுப்பறைக்கு மிகப் பொருத்தமானது: சீவலில் சுவர் கருமை கலந்த கபில நிறமாகத் தெரிந்தால் அது பீங்கான் போன்ற சுவர், ஒளியை ஊடுருவவிட்டு நுண்துளைகளைக் காட்டினால் கண்ணாடி போன்ற சுவர், மணல் துகள்களை ஒட்டிக் கட்டியிருந்தால் ஒட்டுச் சுவர், நுண்மணிகளாலான கல்சைற்றாக இருந்தால் பெரும்பாலும் பேர்மியன் யுகத்துக்கு முந்திய அல்லது அக்காலத்துப் பழைய கூட்டம். கைந்நூல் இந்த நால்வகையையும் நல்ல படங்களுடன் விளக்குகிறது. அந்தப் பக்கங்கள் பாராட்டுக்குரியவை. ஆனால் அதே ஆசிரியர்கள் 1987இல் தம் ஒழுங்கைத் தாமே பெரிதும் திருத்தி எழுதினார்கள் என்பதையோ, 2013இல் பாவ்லோவ்ஸ்கியும் அவரது சகாக்களும் வாழும் இனங்களின் மரபணுச் சான்றை வைத்து, பல அறைகள் கொண்டவற்றை குளோபோதலாமியா, டியூபோதலாமியா என்ற இரு பெரும் வகுப்புகளாக முன்மொழிந்தார்கள் என்பதையோ அது சொல்வதில்லை. இன்று போராமினிபெராவை ஒரு தனிக் கணமாகவே, அதாவது வருணத்திலும் வகுப்பிலும் உயர்ந்த படியாகவே, கொள்கிறார்கள். கைந்நூலை மட்டும் படித்த மாணவர், தற்காலக் கட்டுரை ஒன்றைத் திறந்தால், தாம் வருணம் என்று படித்தது அங்கே கணமாக நிற்பதைக் கண்டு திகைப்பார். அழிந்துபோன சாதியிலிருந்து மரபணுவை எடுக்க முடியாது. அதனை வாழும் உறவினருடன் இணைப்பது ஓட்டின் அமைப்பு மட்டுமே என்பதால், சீவலைப் படிக்கும் திறமை இந்தப் புதிய ஒழுங்கிலும் மதிப்பிழக்கவில்லை. ஒரு பக்கத்தில் இதை எழுதியிருந்தால் கைந்நூல் முழுமை பெற்றிருக்கும்.

வழுக்கிகளில் மிகச் சிறந்தவை நம்முலைற்றிஸ் சாதிக்குரியவை. இங்கே ஒரே இனத்துக்கு இரு வெட்டுகள் தந்திருக்கிறார்கள்: தட்டின் தளத்தோடு சமாந்தரமாகச் செல்லும் நடுத்தள வெட்டு ஒன்று, அதற்குச் செங்குத்தாகச் சுற்றச்சின் வழியே செல்லும் அச்சு வெட்டு மற்றொன்று. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் வளையங்களையும் நெடுக்கே வெட்டினால் அடுக்குகளையும் காண்பதைப் போல, ஒரே ஓடு இரு வெட்டுகளிலும் இரு வேறு உயிரினங்களாகத் தோன்றும். இரண்டையும் மனத்தில் பொருத்திப் பார்க்கத் தெரிந்தவரே சாதியை உறுதிசெய்ய முடியும். அதற்கு மேலாக, முதலறை பெரிதாக உள்ள சிறிய ஓட்டையும், முதலறை மிக நுண்ணியதாக உள்ள பெரிய ஓட்டையும் தனித்தனி வழுக்கிகளாகச் சேர்த்திருக்கிறார்கள். பாலணுக்கள் இணையாமல் பிறந்த தலைமுறையும் அவை இணைந்து பிறந்த தலைமுறையும் மாறி மாறி வருவதால் ஏற்படும் இந்த இருவடிவம் அறியப்படாத காலத்தில், ஒரே இனத்தின் இரு தலைமுறைகளுக்கு இரு பெயர்கள் வழங்கின. நம்முலைற்றிஸ் லேவிகேற்றஸ், நம்முலைற்றிஸ் லமார்க்கி என்ற சோடி இதற்கு நூல்களில் வரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பெயர்ச்சீட்டிலேயே எது எந்தத் தலைமுறை என்று குறித்திருப்பதால், மாணவர்கள் இதை ஒரு வகுப்பிலேயே விளங்கிக்கொண்டார்கள். பெரிய ஓடு மட்டும் குறைந்த உருப்பெருக்கத்திலும் பார்வைப் புலத்துக்குள் அடங்குவதில்லை. அதற்குப் பத்து மடங்கு கைவில்லையே போதுமானது.

டிஸ்கோசைக்கிளினா, லெபிடோசைக்கிளினா ஆகிய இரண்டையும் அருகருகே வைத்ததும் நல்ல யோசனை. வெளித்தோற்றத்தில் இரண்டும் நடு தடித்த வட்டத் தட்டுகள். பாறையை உடைத்து எடுத்தவருக்கு இரண்டும் ஒன்றே. நடுத்தள வெட்டில் பார்த்தால், முன்னதன் சிற்றறைகள் ஆரத்தின் வழியே நீண்ட செவ்வகங்களாகவும், பின்னதன் சிற்றறைகள் வில் அல்லது சாய்சதுர வடிவங்களாகவும் இருக்கும். முன்னது இயோசீன் காலத்தின் முடிவோடு மறைந்துவிட, பின்னது அதற்குப் பிந்திய மயோசீன் காலம் வரை நீடித்ததால், இந்த வடிவ வேறுபாட்டைக் கண்டுகொள்வது பாறையின் வயதைக் கண்டுகொள்வதற்கு நேரடியாக உதவுகிறது. இரு வெட்டுகளும் ஒழுங்காக நடுத்தளத்தில் அமைந்துள்ளன. இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தட்டை அதன் நடுத்தளம் வரை தேய்த்துப் பார்த்தவருக்கே தெரியும்.

பியூசுலினா வழுக்கி ஏமாற்றம் தருகிறது. இந்தக் கூட்டத்தில் ஒரு சாதியை மற்றதிலிருந்து பிரிப்பவை, பிரிசுவர்கள் எவ்வளவு மடிந்துள்ளன, சுவர் எத்தனை அடுக்குகளால் ஆனது, அதில் தேன்கூட்டுப் படலம் உண்டா என்பவை. இவற்றை ஒருங்கே காண நெல்மணி வடிவமுள்ள அந்த ஓட்டை நெடுக்கே வெட்டிய அச்சு வெட்டு வேண்டும். பெட்டியில் இருப்பதோ குறுக்கு வெட்டு மட்டும். சுருள் அழகாகத் தெரிகிறது; ஆனால் இதற்குப் பியூசுலினா என்றோ சுவாகரினா என்றோ பெயர் எழுதினாலும் மறுக்கப் போதிய சான்று மாணவரிடம் இராது. ஓர்பிற்றோலினா, அல்வியோலினா, மியோஜிப்சினா ஆகியவற்றின் வழுக்கிகள் திருப்தியானவை. அவற்றைப் பற்றித் தனியே சொல்ல எதுவும் இல்லை.

இனி, இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டிய வழுக்கி. அதன் பெயர்ச்சீட்டில் ‘ஓர்பிற்றோலைற்றிஸ் மலபாரிக்கா, இயோசீன், கொல்லம்’ என்று இருந்தது. கொல்லத்துச் சுண்ணாம்புக்கல் என்றதுமே எனக்கு ஆர்வம் எழுந்தது. ஏனெனில் கொல்லத்துக் கல்லைப் போன்றே மயோசீன் காலத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் எங்கள் நாட்டிலும் புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணக் குடாநாடு வரை கிடக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அரைத்ததும் அந்தக் கல்லையே. இலங்கையின் மயோசீன் படிவுகளைப் பற்றி வேலண்ட், டேவிஸ் ஆகியோர் 1923இல் எழுதிய கட்டுரை முதல், இந்தக் கல்லின் வயதை அறிய உதவியவற்றுள் போராமினிபெராக்களுக்கும் இடமுண்டு. மலபாரிக்கா இனமும் இங்கே பதிவாகியுள்ளது. ஆகவே இந்த ஒரு வழுக்கி, பெட்டியிலுள்ள மற்றவற்றைக் காட்டிலும் எங்கள் மாணவர்களுக்கு நெருக்கமானது. பெயர்ச்சீட்டில் பிழை உள்ளதும் அதிலேயே.

வழுக்கியைப் பார்த்தபோது முதலில் தெரிந்தது சுவர்: கருங்கபில நிறம், நுண்துளைகள் இல்லை, ஆகவே பீங்கான் சுவர். இதுவரை பெயர்ச்சீட்டுடன் முரண்பாடு இல்லை. ஓர்பிற்றோலைற்றிஸும் பீங்கான் சுவருடையதே. அடுத்து அறைகளின் ஒழுங்கு. ஓர்பிற்றோலைற்றிஸில் அறைகள் நடுவைச் சுற்றி முழு வளையங்களாக அமைந்து, ஒவ்வொரு வளையமும் சிற்றறைகளாகப் பிரிந்து, அந்தச் சிற்றறைகள் சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லும் நுண்வழிகளால் இணைந்திருக்கும். எங்கள் வழுக்கியிலோ அறைகள் நடுவிலிருந்து சுருளாகவே புறப்படுகின்றன. வெளியே செல்லச் செல்லத்தான் அவை விரிந்து ஒன்றையொன்று தழுவுகின்றன. மூன்றாவது, உள்ளமைப்பு. அறையின் நடுப்பகுதியில் ஒரு பிரிசுவருக்கும் அடுத்த பிரிசுவருக்கும் இடையே தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. வெளிச்சுவரின் உட்புறத்திலிருந்து குறுகிய தடுப்புகள் அறைக்குள் நீள்கின்றன. தூண்களும் தடுப்புகளும் சேர்ந்த இந்த அமைப்பு ஓர்பிற்றோலைற்றிஸுக்கு உரியதன்று. நல்ல சீவல் என்பதால் இவை அனைத்தும் பாடசாலை நுணுக்குக்காட்டியிலேயே தெரிந்தன. பெயர்ச்சீட்டைப் பொய்யாக்கும் சான்றை அதே கண்ணாடியில் ஒட்டி விற்றிருக்கிறார்கள் என்பதே இதில் வேடிக்கை.

பெயர்ச்சீட்டை எழுதியவர் அந்தப் பெயரைத் தாமாகக் கற்பனை செய்யவில்லை. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராகப் பணியாற்றிய ஹென்றி ஜோன் கார்ட்டர் 1853இல் இந்த இனத்தை முதன்முதலாக விவரித்தபோது இட்ட பெயரே அது. அவரது கட்டுரையின் நோக்கமே, டோர்பிக்னி வளைய அறைகள் உடையவையென ஒதுக்கிய வருணத்தில் உண்மையில் அறைகள் சுருளாகவே அமைகின்றன என்று இந்த ஓட்டை வைத்துக் காட்டுவதுதான். அதாவது, இந்த ஓட்டின் அறைகள் ஒருமைய வளையங்கள் அல்ல என்று 1853இலேயே எழுதப்பட்டுவிட்டது. கார்ட்டர் அதனை ஒரு சாதி வேறுபாடாகக் கொள்ளாமல், டோர்பிக்னியின் பாகுபாட்டிலுள்ள குறையாகக் கொண்டார். அவரிடமிருந்த நூல்களுக்கும் கருவிகளுக்கும் அது நியாயமான முடிவு. அதன்பின் இந்த இனம் பல வீடுகள் மாறியது. பழைய புவிச்சரிதவியல் நூல்களில் அது ஓர்பிக்கியுலினா என்ற சாதியில் இருந்தது. 1945இல் கெய்சர் கியூபாவிலிருந்து ரபெரினா என்ற சாதியை நிறுவிய பின்னர், உள்ளே தூண்கள் உண்டு என்ற ஒற்றுமையால் அங்கே மாற்றப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் எழுதப்பட்ட பல கட்டுரைகளில் ரபெரினா மலபாரிக்கா என்ற பெயரையே இன்றும் காணலாம். தூண்கள் மட்டும் உறவுக்குச் சான்றாகா. பீங்கான் ஓடுள்ள கூட்டங்களில் அவை பல முறை தனித்தனியே தோன்றியுள்ளன. ஆகவே ஈம்ஸ் 1971இல் இதற்கெனச் சூடோரபெரினா என்ற தனிச் சாதியை வைத்தார். 1989இல் பானரும் ஹைட்டனும் அந்த ஓட்டின் அமைப்பை விரிவாக மீளாய்வு செய்து எழுதினார்கள்.

பெயர் மாற்றம் நூலகத்துக்குள் நடக்கும் சச்சரவு, பாடசாலைக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்தப் பெட்டியிலேயே அதற்கான விடை இருக்கிறது. பெயர்ச்சீட்டில் உள்ள ‘இயோசீன்’ என்ற சொல், பாறையிலிருந்து வந்திருக்க முடியாது. ஓர்பிற்றோலைற்றிஸ் சாதியின் பொதுவான காலத்தை ஏதோ ஓர் அட்டவணையிலிருந்து எடுத்து எழுதியதாகவே தோன்றுகிறது. பாரிஸ் வடிநிலத்து இயோசீன் படிவுகளில் கிடைக்கும் ஓர்பிற்றோலைற்றிஸுக்கு அந்தக் காலம் சரி. மலபாரிக்காவோ இந்துசமுத்திரப் பகுதியெங்கும் முன் மயோசீனின் பேர்டிகேலியன் நிலைக்கு, அதாவது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளிலிருந்து 1 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்துக்கு, அடையாளமாகக் கொள்ளப்படும் உயிர்ச்சுவடு. இயோசீன் முடிந்தது 3 கோடி 39 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். சாதிப் பெயர் தவறியதால் வயதும் ஆகக் குறைந்தது 1 கோடி 30 இலட்சம் ஆண்டுகளால் தவறிவிட்டது. இந்தச் சீட்டை நம்பி யாழ்ப்பாணத்துக் கல்லுடன் ஒப்பிடும் மாணவர், எங்கள் வடபகுதிச் சுண்ணாம்புக்கல்லும் இயோசீன் காலத்தது என்ற முடிவுக்கு வருவார். அவருடைய தருக்கத்தில் ஒரு குறையும் இராது.

விற்பனையாளருக்கு எழுதினேன். பதில் மரியாதையாகவும் விரைவாகவும் வந்தது. சீவல்களை ஓரிடத்திலும் சீட்டுகளை வேறோரிடத்திலும் தயாரிப்பதாகவும், பெயர்கள் ஒரு பழைய அருங்காட்சியகப் பட்டியலைப் பார்த்து எழுதப்பட்டவை என்றும் விளக்கினார்கள். திருத்திய சீட்டு ஒன்றைக் கணினிக் கோப்பாக அனுப்பினார்கள். அதில் சாதி ரபெரினா என்றும் காலம் மயோசீன் என்றும் மாறியிருந்தது. காலம் சரியாகிவிட்டது, சாதியும் ஒரு படி முன்னேறியிருக்கிறது. ஆனால் இனப் பெயரை முன்மொழிந்தவர், ஆண்டு, பாறை எடுக்கப்பட்ட சரியான இடம், படை (பாறை அடுக்கு) ஆகியவற்றைக் கேட்டதற்கு விடை இல்லை. கொல்லம் என்பது ஒரு மாவட்டம். அட்டமுடிக் காயலோரத்துப் படப்பக்கரையில் வெளித்தெரியும் படைதான் புகழ்பெற்றது என்றாலும், எங்கள் சீவல் அங்கிருந்து வந்ததா என்பதைச் சீட்டு சொல்லவில்லை. இடமும் படையும் இல்லாத உயிர்ச்சுவடு பார்க்க அழகானது. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

பெயர்களைச் சரிபார்க்க விரும்புவோருக்கு, கட்டணம் எதுவும் இல்லாமல் இணையத்தில் கிடைக்கும் உலகப் போராமினிபெராத் தரவுத்தளத்தைப் பரிந்துரைக்கிறேன். உலகக் கடல் உயிரினப் பதிவேட்டின் ஒரு பகுதியாகிய இதனைப் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் கடல்சார் நிறுவனம் பேணிவருகிறது. ஒரு சாதியின் பெயரை இட்டால், அது இன்று ஏற்கப்பட்டதா, வேறொரு பெயருக்குள் அடங்கியதா, யார் எந்த ஆண்டில் வைத்தது, எந்தக் குடும்பம், எந்த வருணம் என்பன வரும். உயிர்ச்சுவடாக மட்டும் அறியப்பட்டவற்றுக்குச் சிலுவைக் குறி இட்டிருக்கிறார்கள். பெட்டியிலுள்ள பெயர்களை இதனுடன் ஒப்பிடும் வேலையை மாணவர்களிடமே ஒப்படைத்தோம்; கைந்நூலைப் படித்ததிலும் அவர்கள் இதில் அதிகம் கற்றார்கள் என்பது என் எண்ணம். தரவுத்தளம் பெயரைத் தரும், காரணத்தை விளக்காது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஓர் இனத்தை ஏன் ஒரு சாதியிலிருந்து மற்றதற்கு மாற்றினார்கள் என்பதை அறியக் கட்டுரைக்கே செல்ல வேண்டியிருக்கும்.

பெட்டியின் மேலட்டையில் ‘அழிந்துபோன சாதிகள்’ என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பியூசுலினா பற்றி இதில் ஐயமில்லை. பேர்மியன் முடிவில் அந்தக் கூட்டமே மறைந்துவிட்டது. நம்முலைற்றிஸைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இந்து, பசிபிக் சமுத்திரங்களின் வெப்பக் கடல்களில் இன்றும் வாழும் வெனோசஸ் என்ற இனத்தைச் சிலர் நம்முலைற்றிஸிலேயே வைக்கிறார்கள். வேறு சிலர் பலியோநம்முலைற்றிஸ் என்ற சாதிக்கு மாற்றுகிறார்கள். முதலாமவர்களைப் பின்பற்றினால் அந்தச் சாதி அழியவில்லை. இரண்டாமவர்களைப் பின்பற்றினால் அழிந்துவிட்டது. கடலில் வாழும் அந்த உயிரிக்கு இதனால் எந்த வேறுபாடும் இல்லை. மேலட்டையில் இதைச் சொல்ல இடமில்லை என்பது விளங்குகிறது, ஆனால் கைந்நூலில் அதற்கு இடமிருந்தது.

திருகோணமலையில் இந்தப் பெட்டியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வசதியும் ஒரு குறையும் உண்டு. எங்கள் நகரம் நிற்பது மிகப் பழைய பளிங்குருப் பாறைகளின் மேல். கோணேசர் மலையிலோ துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றுகளிலோ எவ்வளவு தட்டினாலும் ஒரு போராமினிபெராவும் வராது. ஆகவே உயிர்ச்சுவடுகளுக்கு வழுக்கிகளையே நம்ப வேண்டியுள்ளது. மறுபுறம், நிலாவெளிப் பக்கத்துக் கடற்கரையில் பவளத் துண்டுகள் கலந்த வெளிறிய மணலை ஒரு சிறு சிமிழ் எடுத்துக் கழுவி உலர்த்திப் பார்த்தால், வாழும் கூட்டங்களின் ஓடுகள் அகப்படும். மணல் தானியங்களுக்கிடையே வெண்பீங்கான் மினுக்கத்துடன் இருப்பவையும், கண்ணாடிபோல் ஒளிர்பவையும் தனித்தனியே தெரியும். சுவரை வைத்துப் பிரிக்கும் முதற்படியை மாணவர் அங்கேயே பழகிவிடலாம். அதன்பின் பெட்டியைத் திறந்தால் சீவல்களின் கருமையும் வெளிச்சமும் அவர்களுக்குப் பொருள் தருகின்றன. புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் அங்கிருந்து மணலோ பவளமோ எடுக்கக் கூடாது. இதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வடக்கே புல்மோட்டைப் பக்கத்துக் கருமணல் இதற்குப் பயன்படாது. அது இல்மனைற்று முதலிய கனிமங்களால் ஆனது.

வாங்கலாமா என்று கேட்டால், நுணுக்குக்காட்டியும் இணைய வசதியும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் உள்ள பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழக வளாகங்களுக்கும் வாங்கலாம் என்பேன். நம்முலைற்றிஸ், டிஸ்கோசைக்கிளினா, லெபிடோசைக்கிளினா ஆகியவற்றின் வழுக்கிகளுக்காகவே கொடுத்த விலையில் பெரும்பகுதி தகும். தனியே கற்க விரும்புபவர் இதை வாங்கினால், பெயர்ச்சீட்டுகளை மறைத்துவிட்டுச் சுவர், அறையொழுங்கு, உள்ளமைப்பு என்ற வரிசையில் தாமே குறிப்பெழுதி, பின்னரே சீட்டைப் பார்ப்பது நல்லது. வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: ஒவ்வொரு சாதிக்கும் எந்த வெட்டு தரப்படுகிறது, பாறை எந்த இடத்தில் எந்தப் படையிலிருந்து எடுக்கப்பட்டது, பெயர்கள் எந்தப் பாகுபாட்டின்படி எழுதப்பட்டவை. பியூசுலினாவுக்கு அச்சு வெட்டைத் தனியே கேட்டால், மேலதிகக் கட்டணத்துக்குச் செய்து தருவதாக எங்களிடம் சொன்னார்கள்; அதற்கு இன்னும் பணம் அனுப்பவில்லை, மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும்.